ஏழு துளைகள்: தாவோயியமும் திருநர் வாழ்வும்

“இயற்கை கொடுத்த உடம்போடு இருந்துவிட்டுப் போவதுதானே இயல்பு?” திருநர் பலரும் தம் வாழ்நாளில் யார் யாரிடமிருந்தோ கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் கெட்டவர் அல்லர். அக்கறையில் கேட்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். இயல்பாக இருப்பதைப் பற்றி ஓயாமல் பேசிய மரபு சீனத்துத் தாவோயியம். ஆகவே இந்த வழக்கில் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பார்ப்பது நியாயம்தான். முதல் பார்வைக்கு அது கேள்வி கேட்டவர் பக்கம் நிற்பதுபோலத் தோன்றும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரக்கு மரத்தோட்டம் ஒன்றில் சிறு அதிகாரியாக இருந்தவர் தாவோயிய ஞானி சுவாங்ட்சு என்கிறார் வரலாற்றாசிரியர் சிமா சியன். சுவாங்ட்சுவின் பெயரில் வழங்கும் நூல் 33 அத்தியாயங்களாக நமக்குக் கிடைத்திருக்கிறது. அதன் எட்டாம் அத்தியாயத்தில் வாத்தின் காலும் கொக்கின் காலும் பேச்சுக்கு வருகின்றன. குட்டைக் காலை இழுத்து நீட்டினால் வாத்துக்கு வேதனை. நெட்டைக் காலை வெட்டிக் குறைத்தால் கொக்குக்குத் துயரம். அடுத்த அத்தியாயம் குதிரைகளைப் பற்றியது. தாகத்துக்குத் தண்ணீர் குடித்து, புல் மேய்ந்து, தோன்றியபோது துள்ளித் திரிந்தவற்றைப் பழக்குகிறேன் பேர்வழி என்று போ லே என்ற பேர்போன நிபுணர் வந்தார். சூடு போட்டார், மயிரைக் கத்தரித்தார், குளம்பைச் செதுக்கினார், கடிவாளம் மாட்டினார். பாதிக்கு மேல் செத்துப்போயின. உடம்பில் கைவைக்காதே என்பதுதானே இதற்கெல்லாம் பொருள்? ஹார்மோனும் அறுவையும் கொக்கின் காலை வெட்டுகிற வேலைதானே?

சுலபமான வாசிப்பு. ஆனால் கொக்கின் கால் நீளம் என்று முடிவுசெய்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். கொக்கு புகார் சொல்லவில்லை. குதிரை கடிவாளம் கேட்கவில்லை. இன்னோர் உயிருக்கு எது சரியான அளவு என்பதைத் தன் கையில் இருக்கும் கோலை வைத்துத் தீர்மானிக்கிற மூன்றாமவர் ஒருவர் இந்தக் கதைகளில் தவறாமல் வந்துவிடுகிறார். சுவாங்ட்சுவின் கோபமெல்லாம் அவர் மேல்தான்.

ஏழாம் அத்தியாயத்தின் முடிவில் வரும் ஹுன்துன் கதையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். தென்கடலுக்கு ஷு, வடகடலுக்கு ஹூ, நடுநாட்டுக்கு ஹுன்துன் என்று மூன்று அரசர்கள். ஷுவும் ஹூவும் அடிக்கடி ஹுன்துன் நாட்டில் சந்தித்துக்கொள்வார்கள். அவர் நன்றாக உபசரிப்பார். பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று இருவரும் யோசித்தார்கள். எல்லோருக்கும் பார்க்க, கேட்க, உண்ண, மூச்சுவிட ஏழு துளைகள் இருக்கின்றன, பாவம் இவருக்கு மட்டும் ஒன்றுகூட இல்லையே! நாளுக்கு ஒரு துளையாகப் போட்டார்கள். ஏழாம் நாள் ஹுன்துன் இறந்துபோனார். கதையில் வில்லன் என்று யாருமே இல்லை. நன்றிக்கடன் தீர்க்க வந்த இரண்டு நண்பர்கள், எல்லோரையும்போல் இவரும் இருக்கட்டுமே என்ற நல்லெண்ணம், கையில் ஓர் உளி; அவ்வளவுதான். பெண்ணாக நடக்கிற பிள்ளையை மந்திரவாதியிடமும் மனநல மருத்துவரிடமும் மாறி மாறி அழைத்துப்போகிற பெற்றோரின் அன்பு இந்த வகையைச் சேர்ந்தது.

மாற்றம் என்பதையே இந்த நூல் வெறுக்கிறது என்றால், முதல் பக்கத்திலேயே ஒரு மீன் பறவையாக மாறுவானேன்? வடகடலில் குன் என்ற மீன். எத்தனை ஆயிரம் காதம் நீளமோ யாருக்கும் தெரியாது. அது பெங் என்ற பறவையாகிச் சுழற்காற்றில் ஏறித் தென்கடல் நோக்கிப் போகிறது. ஏன் மாறியது என்று நூல் காரணம் சொல்வதில்லை. யாரும் அதனிடம் சான்றிதழ் கேட்பதும் இல்லை. கீழே ஒரு சில்வண்டும் குட்டிப் புறாவும் சிரிக்கின்றன. நாங்கள் முயன்று பறந்தால் எல்ம் மரத்துக்குப் போவோம், சில சமயம் அதுகூட முடியாமல் தரையில் விழுவோம், இது எதற்கு அவ்வளவு உயரம் போகிறது என்கின்றன. பின்னால் வந்த உரையாசிரியர் குவோ சியாங், சிறியதும் பெரியதும் தத்தம் இடத்தில் நிறைவு என்று சில்வண்டுக்குச் சமாதானம் சொன்னார். எனக்கு அது நூலாசிரியரின் கிண்டலை மழுங்கடிப்பதாகவே படுகிறது.

ஆறாம் அத்தியாயத்துக் காட்சி ஒன்றை இந்த நோக்கில் யாரும் போதிய அளவு பேசியதாகத் தெரியவில்லை. ட்சுலாய் என்பவர் சாகக் கிடக்கிறார். மூச்சு வாங்குகிறது. மனைவியும் பிள்ளைகளும் சுற்றி நின்று அழுகிறார்கள். நண்பர் ட்சுலி வருகிறார், குடும்பத்தாரை அதட்டி விலகச் சொல்கிறார்: நடந்துகொண்டிருக்கும் மாற்றத்தைப் பதறவைக்காதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். பிறகு கதவில் சாய்ந்துகொண்டு, சாவோடு போராடும் நண்பரிடமே, அடுத்து உன்னை என்னவாக ஆக்கப்போகிறதோ, எலியின் ஈரலாகவா, பூச்சியின் காலாகவா என்று வியந்து பேசுகிறார். இது மரணத்தைப் பற்றிய கதை. திருநரைப் பற்றியதென்று நான் திரிக்கவில்லை. ஆனால் மகன் மகளாகிறபோது, மகள் மகனாகிறபோது வீட்டில் எழும் அழுகை எழவு வீட்டு அழுகைதான். உயிரோடு நிற்கிற பிள்ளையின் முன்னால் இல்லாத பிள்ளைக்காக அழுகிறார்கள். அந்த நேரத்தில் கதவருகே நின்று ஆர்வத்தோடு பேச ஒரு ட்சுலி வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள்.

லாவோ ட்சுவை இங்கே துணைக்கு அழைப்பவர்கள் அதிகம். அவர் பெயரில் வழங்கும் தாவோ தே ஜிங் நூலைச் சி. மணியின் தமிழாக்கத்தில் படித்தவர்களுக்கு, ஆண்மையை அறிந்து பெண்மையைக் காக்கச் சொல்லும் 28ஆம் பகுதி நினைவிருக்கலாம். அதோடு யின்-யாங் வட்டத்தையும் சேர்த்து, ஒவ்வொருவருக்குள்ளும் இரண்டும் உண்டு என்று முடித்துவிடுவார்கள். தவறில்லை, ஆனால் மலிவு. யாங் உயர்வு, யின் தாழ்வு என்று ஆண் பெண் படிநிலைக்கு அதே சோடியைப் பயன்படுத்தினார் கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக் கன்ஃபூசிய அறிஞர் தோங் சோங்ஷு. வட்டத்தைக் காட்டினால் மட்டும் விடுதலை வந்துவிடாது.

எனக்கு இதைவிடச் சுவையாகத் தோன்றுவது தாவோயிய யோகிகளின் அக ரசவாதம். காயசித்தி பற்றிப் படித்த தமிழருக்கு, அதிலும் போகரைச் சீனத்தோடு இணைக்கும் மரபுக்கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இது அன்னியமாகத் தெரியாது. அதன்படி ஆண் சாதகர் தம் வயிற்றில் கரு ஒன்றைச் சுமக்கிறார். மூச்சாலும் தியானத்தாலும் வளர்த்து, உச்சந்தலை வழியே பெற்றெடுக்கிறார். சிங் அரசர் காலத்தில் (1644–1912) பெருகிய பெண்களுக்கான சாதனை நூல்களில், மாதவிலக்கு நின்றுபோவதற்குச் செந்நாகத்தின் தலையைக் கொய்தல் என்று பெயர். மார்பும் ஆணுடையதுபோல் சுருங்கும் என்கின்றன அந்நூல்கள். உடம்பு கொடுக்கப்பட்டது, அதன்மேல் வேலையும் செய்யலாம். இரண்டையும் முரணாக அவர்கள் பார்க்கவில்லை. தாவோயிய மரபு கொண்டாடும் எட்டுச் சிரஞ்சீவிகளில் ஒருவரான லான் சாய்ஹே ஆணா பெண்ணா என்று படங்களும் நாடகங்களும் ஒரே பதில் சொல்வதில்லை. ஒரு காலில் செருப்பு, மறு காலில் ஒன்றுமில்லை. கோடையில் பஞ்சு அடைத்த சட்டை, குளிரில் பனிமேல் படுக்கை. கோயில் வழிபாட்டில் அவருக்கு இடம் கொடுத்த சமூகம் அண்டைவீட்டுத் திருநருக்கும் கொடுத்தது என்று இதைவைத்து முடிவுகட்ட முடியாது. நம் ஊர் அர்த்தநாரி வழிபாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மெய்யாக வாழ்தல் பற்றி நூல் நேராகப் பேசும் இடம் 31ஆம் அத்தியாயம், கிழட்டு மீனவர் கதை. பிற்காலத்துச் சேர்க்கை என்று பல ஆய்வாளர்கள் கருதும் பகுதி. வரவழைத்துக்கொண்ட அழுகை ஓலமிட்டாலும் துக்கமாகாது, வரவழைத்த சிரிப்பில் இணக்கம் இல்லை என்று கன்ஃபூசியஸுக்கே பாடம் எடுக்கிறார் மீனவர். சடங்கு ஊரார் செய்தது, மெய் வானம் தந்தது என்பது அவர் கட்சி. இருபது வருடம் ஆணாக நடித்துக் களைத்த ஒரு திருநங்கைக்கு இதற்கு உரை தேவையில்லை. ஆனால் அதே சுவாங்ட்சு, வண்ணத்துப்பூச்சியாகக் கனவுகண்டு விழித்து, கனவு கண்டது யார் என்று தெரியாமல் திகைத்தவர். நான் இன்னார்தான் என்று இறுக்கிப் பிடித்துக்கொள்வதையும் அவர் புன்னகையோடுதான் பார்ப்பார். அவரை அடையாள அரசியலின் வக்கீலாக்குவது அவருக்குச் செய்யும் ஏழு துளை உபசாரம்.

இந்தப் புன்னகையோடு பொதுவாழ்வில் நடமாடும் ஒருவர் தைவானின் ஆட்ரி டாங். 1981இல் பிறந்தவர், 2005இல் தன் பெயரை மாற்றிக்கொண்டு பெண்ணாக வாழத் தொடங்கியவர். தன் சிந்தனையில் தாவோயியத்தின் பங்கைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2016 அக்டோபரில் 35 வயதில் அமைச்சரானார். 2022 முதல் 2024 வரை டிஜிட்டல் துறைக்கு முதல் அமைச்சராக இருந்தார். பதவியேற்றபோது பணியாளர் படிவத்தில் பால் என்ற இடத்திலும் கட்சி என்ற இடத்திலும் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார். தன்னை எந்தச் சொல்லால் குறிப்பிட்டாலும் சரி என்பது அவர் நிலை. லாவோ ட்சு படித்திருந்தால் மெச்சியிருப்பார்.

ஆனால் அமைச்சர் எழுதலாம். தைபேயில் வாடகைக்கு அறை தேடும் திருநங்கை எழுத முடியாது. தைவான் அடையாள அட்டை எண்ணில் ஓர் ஆங்கில எழுத்தும் ஒன்பது இலக்கங்களும் உண்டு. எழுத்தை அடுத்து 1 இருந்தால் ஆண், 2 இருந்தால் பெண். வங்கியிலோ மருந்தகத்திலோ எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருப்பவர் தலை நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார். அந்த ஓர் இலக்கத்தை மாற்ற, இரண்டு மனநல மருத்துவர்களின் சான்றோடு இனப்பெருக்க உறுப்புகளை அகற்றிய சான்றும் வேண்டும் என்றது 2008ஆம் ஆண்டின் உள்துறை உத்தரவு. அறுவையை விரும்பித் தேடிப்போகிறவருக்கு அது பெங்கின் சிறகாக இருக்கலாம். வேண்டாம் என்பவரை, அட்டைக்காகப் படுக்கச் சொல்கிறபோது உளி மறுபடியும் ஷு, ஹூ கைக்குப் போய்விடுகிறது. 2021 செப்டம்பரில் தைபே உயர் நிர்வாக நீதிமன்றம், அறுவைச் சான்று இல்லாமல் விண்ணப்பித்த ஒருவரைப் பெண்ணாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது அவர் ஒருவரின் வழக்குக்கான தீர்ப்பு. அதே வரிசையில் நின்ற மற்றவர்கள் தத்தம் வழக்கைத் தாங்களே நடத்த வேண்டியிருந்தது.