உப்புக்கல்லும் பால்மரமும்

டிசம்பர் 12ஆம் தேதி இரவு. விடிந்தால் புனித லூசியாவின் திருநாள். பிரேசிலின் வடகிழக்கில் இருக்கும் செயரா மாகாணத்தில் ஒரு குடியானவர் ஆறு உப்புக்கற்களை எடுத்துப் பனி விழும் இடமாகப் பார்த்து வெளியே வரிசையாக வைக்கிறார். முதல் கல் ஜனவரிக்கு, ஆறாவது கல் ஜூனுக்கு. காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். எந்தக் கல் கசிந்திருக்கிறதோ அந்த மாதத்தில் மழை உண்டு. காய்ந்து கிடந்தால் இல்லை. ஆறும் காய்ந்து கிடந்தாலும் உடனே மனம் விட்டுவிட மாட்டார்கள். மார்ச் 19, சூசையப்பர் திருநாள் இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்குள் வானம் இறங்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். அதுவும் தாண்டிப்போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பிரேசில் என்றதும் நம் கண்ணில் வருவது அமேசான் காடும் ஓயாத மழையும். ஆனால் அது 85 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த நாடு, இந்தியாவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். கரும்பு விளையும் கடற்கரையிலிருந்து உள்ளே போகப் போக ஈரம் குறைந்துகொண்டே வரும். பிறகு வருவது முழுக்க முழுக்க வானம் பார்த்த பூமி. 'செர்தாவ்' என்பார்கள். அங்கிருக்கும் முள்காட்டுக்குப் பெயர் காட்டிங்கா. துப்பி மொழியில் 'வெள்ளைக் காடு' என்று அர்த்தம். கோடையில் இலையெல்லாம் கொட்டி, மரங்கள் சாம்பல் பூத்த எலும்புகளாக நிற்பதால் வந்த பெயர். இந்த முள்ளுக்குள் மாடு மேய்க்கிறவர்கள் தலை முதல் கால் வரை தோலாடை அணிவார்கள், தொப்பியும் தோல்தான். நல்ல மழை ஒன்று பெய்தால் போதும், சில நாட்களில் காடு முழுக்கப் பச்சை பிடித்துவிடும். அந்த மண்ணை விட்டுப் போக ஜனங்களுக்கு ஏன் மனம் வரவில்லை என்பது அந்தப் பச்சையைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

1877இல் மழை பொய்த்தது. 1878, 1879 என்று அடுத்தடுத்தும் பொய்த்தது. மாடு செத்தது, விதைநெல் போல் காத்துவைத்திருந்த விதைச்சோளம் அடுப்புக்குப் போனது, பிறகு காட்டுக்கிழங்கையும் கள்ளிச் சதையையும் தின்று பார்த்தார்கள். கடைசியில் கடற்கரையை நோக்கி நடந்தார்கள். மாகாணத் தலைநகரான ஃபோர்ட்டலேசா முப்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். மரத்தடியிலும் ஓலைக் குடிசையிலும் அடைந்து கிடந்த அந்தக் கூட்டத்துக்குள் பெரியம்மை புகுந்தது. 1878 டிசம்பர் 10ஆம் தேதி, ஒரே நாளில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சடலங்கள் ஊருக்கு வெளியே புதைக்கப்பட்டன. செயரா மக்கள் அந்த நாளை 'ஆயிரம் பேர் செத்த நாள்' என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் நமக்கு எழுதி வைத்தவர் ரொடோல்ஃபோ தியோஃபிலோ. மருந்தாளுநர். அந்த வறட்சியின் வரலாற்றை ஒரு நூலாகவும், 'பசி' என்ற பெயரில் ஒரு நாவலாகவும் எழுதினார். எழுதியதோடு நின்றிருந்தால்கூட அவரைக் கும்பிடலாம். பல வருடங்களுக்குப் பிறகு பெரியம்மை மீண்டும் தலைதூக்கியபோது, தன் கைக்காசில் தடுப்பூசி மருந்து தயாரித்து, குதிரையில் ஏறி, ஏழைகளின் குடிசை குடிசையாகப் போய்த் தானே போட்டார். 1878இல் பார்த்த காட்சி அவரை உறங்க விடவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இப்போது அந்த வருடங்களை இன்னொரு முறை பாருங்கள். 1877, 1878, 1879. நம் பாட்டிமார் வாயில் இன்றும் ஒட்டியிருக்கும் தாது வருஷப் பஞ்சமும் (1876–78) கிட்டத்தட்ட இதே காலம்தான். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் அளந்துகொடுத்த கொடுமையும் அந்தப் பஞ்சத்தில்தான். இரண்டு வறட்சிகளுக்கும் தாய் ஒன்றே. பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் நீர் வழக்கத்தைவிடச் சூடேறும்போது மழைமேகங்கள் இடம் மாறிவிடுகின்றன. நம் பக்கம் பருவமழை தடுமாறுகிறது, வடகிழக்கு பிரேசிலில் மழைக்காலம் வறண்டு போகிறது. இன்று எல் நினோ என்கிறோம். அன்று நம்மவர் தெய்வக் குற்றம் என்றார்கள், அவர்கள் கடவுளின் தண்டனை என்றார்கள்.

பசித்தவர்கள் எங்கே போனார்கள் என்பதில்தான் இந்த வாரக் கதை இருக்கிறது. செயரா மக்களில் பல்லாயிரம் பேர் நீராவிக் கப்பலில் வடக்கே அமேசானுக்கு ஏற்றி அனுப்பப்பட்டார்கள். துளித் தண்ணீர் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தவர்களை, கரை தெரியாத ஆற்றில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் ரப்பர் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ரப்பர் மரம் அமேசானில் தோப்பாக வளர்வதில்லை, ஒன்று இங்கே, அடுத்தது எங்கோ. நூறு, நூற்றைம்பது மரங்களைத் தொட்டுக்கொண்டு காட்டுக்குள் வளைந்து போகும் ஒற்றையடிப் பாதைதான் ஒரு தொழிலாளியின் உலகம்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்புவார். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்று விளக்கைத் தலையிலேயே கட்டிக்கொள்வார். 'பொரோங்கா' என்று அதற்குப் பெயர். மரத்துக்கு மரம் பட்டையைக் கீறி, தகரக் கிண்ணத்தைப் பொருத்திவிட்டு நடப்பார். அதே பாதையில் திரும்ப வந்து பாலைச் சேகரிப்பார். மாலையில் பனங்கொட்டைகளை எரித்து, எழும் புகை மீது ஒரு கட்டையைச் சுழற்றியபடி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். ஒவ்வொரு ஊற்றும் மெல்லிய தோலாக உறையும். ஆடை மேல் ஆடையாக ஏறி, கடைசியில் மனிதன் தூக்கத் திணறும் கரிய உருண்டை ஆகும். அந்தப் புகையில் கண் கெட்டவர்கள் உண்டு.

உருண்டை முதலாளியின் கிடங்குக்குப் போகும். அங்கே ஒரு கணக்குப் புத்தகம். கப்பல் கட்டணம், கத்தி, கிண்ணம், துப்பாக்கி, மரவள்ளி மாவு எல்லாம் கடன். ரப்பரின் விலையைச் சொல்வதும் முதலாளி, மாவின் விலையைச் சொல்வதும் முதலாளி. பல இடங்களில் சொந்தமாகப் பயிர் வைக்கவும் விடமாட்டார்கள். இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. அந்தக் காடு ஆளில்லாத காடு அல்ல. ரப்பருக்காகப் பழங்குடிக் கிராமங்கள் மீது ஆயுதத்தோடு பாய்ந்தார்கள், கொன்றார்கள், பிடித்து வேலை வாங்கினார்கள். பசிக்குத் தப்பி வந்த செயராக்காரர்களின் கையாலும் அதில் ஒரு பங்கு நடந்தது. இதை மறைத்துவிட்டு அவர்களுக்காக மட்டும் அழ முடியாது.

இந்த ரப்பர் பணத்தில்தான் காட்டின் நடுவே மனாவுஸ் நகரம் எழுந்தது. இத்தாலியப் பளிங்கு, ஸ்காட்லாந்து இரும்பு, பிரேசில் கொடியின் வண்ணங்களில் ஓடு வேய்ந்த குவிமாடம் என்று ஓர் இசை நாடக அரங்கு 1896இன் கடைசி நாளில் திறக்கப்பட்டது. சுற்றுலாப் புத்தகங்கள் அதைப் போதுமான அளவு சொல்லிவிட்டன.

தாது வருஷத்திலேயே இன்னொன்றும் நடந்தது. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர், தாபஜோஸ் ஆற்றங்கரைக் காடுகளில் சேகரித்த சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரம்கூட இல்லை. அவற்றில் 1,919 நாற்றுகள் அதே ஆண்டு இலங்கைக்குப் போயின. அடுத்த ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் சேர்ந்தன. அமேசானில் இந்த மரத்தை நெருக்கி நட்டால் ஒரு பூஞ்சை நோய் இலையைக் கருக்கிவிடும். அந்த நோய் கடல் தாண்டி வரவில்லை. ஆகவே மலாயாவில் ஏக்கர் ஏக்கராக, வரிசை பிடித்து நடமுடிந்தது. மரம் இருக்கிறது. வெட்ட ஆள்?

ஆள் நம் ஊர்களிலிருந்து போனது. பஞ்சம் தின்று மிச்சம் வைத்த கிராமங்களுக்குக் கங்காணி வந்தார், முன்பணம் கொடுத்தார், நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினார். செயராக்காரரைப் போலவே இவர்களும் கப்பலை விட்டு இறங்கும்போதே கடனாளிகள். மலாயாத் தோட்டங்களில் பால் விழும் கிண்ணத்தை 'மங்கு' என்றார்கள். வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருப்பதை 'ஒட்டுப்பால்' என்றார்கள். அமேசானில் அப்படிப்பட்ட மட்ட ரகத்துக்கு 'செர்னம்பி' என்று பெயர். இரண்டு பக்கமும் அதை வீணாக்காமல் உரித்துச் சேர்க்க வேண்டும். ஒரே மரத்தை, ஒரே இருட்டில் எழுந்து, உலகத்தின் இரண்டு ஓரங்களில் கீறிக்கொண்டிருந்தார்கள். ஒருவரையொருவர் கேள்விப்பட்டதுகூடக் கிடையாது.

1913இல் ஆசியத் தோட்ட ரப்பரின் அளவு காட்டு ரப்பரைத் தாண்டியது. விலை சரிந்தது, மனாவுஸின் விளக்குகள் மங்கின. காட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஊர் திரும்பக் கப்பல் காசுகூட இல்லை. தமிழர் கை வெட்டிய பால் தங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டது அவர்களுக்குத் தெரியாது. நம்மவருக்கும் தெரியாது.

ஒரு முறை நடந்தது போதாதென்று 1942இல் அது திரும்பவும் நடந்தது. பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மலாயா ரப்பர் முழுக்க ஜப்பானியர் கைக்குப் போனது. தோட்டத்துத் தமிழர்களைச் சயாமுக்குக் கொண்டுபோய் மரண ரயில் பாதை போடும் வேலையில் தள்ளினார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே மாண்டார்கள். ரப்பர் இல்லாமல் தவித்த அமெரிக்கா பிரேசிலோடு ஒப்பந்தம் போட்டது. செயராவிலோ அந்த ஆண்டும் வறட்சி. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 'ரப்பர் சிப்பாய்கள்' என்று பெயர் சூட்டி அமேசானுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு ஒரு கால்சட்டை, ஒரு மேல்சட்டை, வைக்கோல் தொப்பி, செருப்பு, தகரக் குவளை, தட்டு, தொங்குகட்டில், ஒரு சிகரெட் பெட்டி. துணிமணி வைக்கப் பெட்டிக்குப் பதில் ஒரு சாக்குப் பை. மலேரியாவும் பசியும் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைத் தின்றுவிட்டன என்று கணிக்கிறார்கள். பிழைத்துக் கிடந்தவர்களுக்கு மாத ஓய்வூதியம் என்று அரசியல் சாசனத்தில் ஒரு வரி சேர 1988 வரை ஆனது.

அந்தப் போர் நடந்துகொண்டிருந்த 1944இல், உப்புக்கல் வைக்கும் இரவு கழிந்து மூன்றாம் நாள், டிசம்பர் 15 அன்று, பொலிவிய எல்லையை ஒட்டிய ஷாப்புரியில், செயராவிலிருந்து வந்த குடும்பம் ஒன்றில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஒன்பது வயதில் அப்பாவோடு பால் எடுக்கக் காட்டுக்குள் நடந்தான். அந்த ரப்பர் காட்டில் பள்ளிக்கூடம் வைக்க முதலாளிகள் விடவில்லை. எழுத்துத் தெரிந்தவன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பான் அல்லவா? தலைமறைவாக இருந்த ஒரு கம்யூனிஸ்ட் அவனுக்குப் பழைய செய்தித்தாள்களை வைத்து எழுத்துக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பையனின் பெயர் சிக்கோ மென்டெஸ். அவனோடு அடுத்த வாரம் காட்டுக்குள் போவோம்.