தமிழ்ப்பள்ளி ஆசிரியராவது எப்படி? முதல் முடிவை படிவம் 4-லேயே எடுக்கணும்

எஸ்.பி.எம். முடிவு கைக்கு வந்த பிறகுதான் "டீச்சராகலாமா?" என்று பலர் யோசிக்கத் தொடங்குகிறார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேலையைப் பொறுத்தவரை அது கொஞ்சம் லேட். ஏன்னா, அதற்கு எஸ்.பி.எம். தமிழ்மொழியில் நல்ல தேர்ச்சி வேண்டும். படிவம் 4-ல் அந்தப் பாடத்தை விட்டுவிட்டால், மற்ற பாடங்களில் எத்தனை ஏ எடுத்தாலும் ஈடு செய்ய முடியாது.

போர்ட் கிள்ளானில் படிவம் 3 படிக்கும் ஒருவர் வகுப்பறையில் ஆசிரியராக நிற்பதற்குள் என்னென்ன கட்டங்களைக் கடக்க வேண்டும்? வரிசையாகப் பார்ப்போம்.

ஸ்கூலில் தமிழ் வகுப்பே இல்லையே?

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் கட்டாயப் பாடம் இல்லை. பல பள்ளிகளில் வகுப்பு நேரம் முடிந்த பிறகுதான் தமிழ் நடக்கிறது. சில பள்ளிகளில் அதுவும் கிடையாது.

ஆனால் 1996 கல்விச் சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ் கற்பிக்கப் பள்ளி வசதி செய்து தர வேண்டும். "யாராவது கேட்பாங்க" என்று காத்திருக்காமல், பெற்றோர் ஒன்றுசேர்ந்து பள்ளி முதல்வருக்குக் கடிதம் கொடுப்பது நல்லது. வகுப்பு அமையாவிட்டாலும், தமிழைக் கூடுதல் பாடமாகப் பதிந்து, டியூஷனில் படித்துத் தேர்வு எழுதும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

நான் கணிதம்தான் சொல்லிக்கொடுக்கப் போறேன், எனக்கும் தமிழா?

ஆமாம். தமிழ்ப்பள்ளியில் கணிதம், அறிவியல் உட்பட பெரும்பாலான பாடங்களைப் போதிக்கும் மொழி தமிழ். சில பள்ளிகளில் இருமொழித் திட்டத்தின் கீழ் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. அங்கேயும் மாணவர்களோடும் பெற்றோரோடும் பழக தமிழ் வேண்டும்.

வழி 1: தொடக்கப்பள்ளிக்கு ஐ.பி.ஜி.

நாடு முழுவதும் 27 வளாகங்களைக் கொண்ட ஆசிரியர் கல்விக் கழகம்தான் ஐ.பி.ஜி. எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு முதலில் ஓராண்டு ஆயத்தப் படிப்பு. அதன் பிறகு நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டம். இதில் பள்ளிக்கே சென்று பாடம் நடத்தும் பயிற்சியும் அடங்கும்.

அண்மைய ஆண்டுகளில் குறைந்தது ஐந்து பாடங்களில் ஏ கேட்கப்படுகிறது. வயது வரம்பும் உண்டு. அதனால் "ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்துக்கலாம்" என்ற திட்டம் இதற்கு ஒத்துவராது. புறப்பாட நடவடிக்கை, தகுதிச் சோதனை, நேர்முகத் தேர்வு ஆகியவையும் கணக்கில் வரும். ஒவ்வோர் ஆண்டும் நிபந்தனைகள் மாறலாம் என்பதால், அந்தந்த ஆண்டுக்கான கல்வி அமைச்சின் அறிவிப்பைப் படித்துவிட்டே விண்ணப்பிக்கவும்.

வழி 2: இடைநிலைப்பள்ளிக்குப் பல்கலைக்கழகம்

எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து, யு.பி.யு. வழியாகக் கல்வியியல் பட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம். மூவெட் ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், அதாவது உப்சி, தமிழ்மொழிக் கல்வியில் பட்டம் வழங்குகிறது. 1922-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட இடம் அது. போர்ட் கிள்ளான்வாசிகளுக்கு ஒரு வசதி: உங்கள் ஊரில் புறப்படும் கேடிஎம் கோமுட்டர் வழித்தடத்தின் மறுமுனைதான் தஞ்சோங் மாலிம்.

வழி 3: வேறு டிகிரி முடித்திருந்தால்?

கல்வித் துறை சாராத பட்டம் உள்ளவர்கள், பட்டத்திற்குப் பிந்தைய கல்வியியல் டிப்ளோமா மூலம் ஆசிரியர் தகுதி பெறலாம். ஆனால் இந்த வாய்ப்பு எல்லா ஆண்டும் ஒரே அளவில் திறப்பதில்லை. 2021-ல் கல்வி அமைச்சு அறிவித்த 18,702 ஆசிரியர்களுக்கான சேர்ப்பு, ஒரே முறை நடந்த சிறப்புச் சேர்ப்பு. அதுபோல இன்னொன்று வரும் என்று நம்பித் திட்டம் போடுவது ரிஸ்க்.

படித்து முடித்தால் வேலை உறுதியா?

அரசாங்கப் பள்ளி ஆசிரியர்களை நியமிப்பது கல்விச் சேவை ஆணையம். அங்கேயும் நேர்முகத் தேர்வு உண்டு. காலியிடம் பாடத்தைப் பொறுத்தது. பட்டதாரி ஆசிரியரின் தொடக்க நிலை முன்பு டிஜி41. 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் அது டிஜி9. வேலையில் சேர்ந்ததும் நிரந்தரமாகிவிடாது, முதலில் தகுதிகாண் காலம் இருக்கும்.

கிள்ளானிலேயே போஸ்டிங் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பேராக், கெடா, ஜொகூர் தோட்டப்புறங்களில் இருக்கும் சிறிய பள்ளிகளும் அதில் அடக்கம். தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை 2000-களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தது. இப்போது அதைவிடக் குறைவு. மாணவர் குறைந்தால் ஆசிரியர் தேவையும் மாறும்.

இப்போதே செய்யக்கூடியவை

படிவம் 3-ல் இருந்தால், அடுத்த ஆண்டு தமிழ் வகுப்பு இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள். படிவம் 4, 5-ல் இருந்தால், உங்கள் எஸ்.பி.எம். பதிவில் தமிழ்மொழி இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். சீருடை இயக்கம், மன்றம் ஆகியவற்றின் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் தமிழ்ப்பள்ளி இருந்தால், அங்குள்ள ஆசிரியர் ஒருவரிடம் அவர் ஒரு நாள் செய்யும் வேலைகளைக் கேட்டுப் பாருங்கள். பாடம் நடத்துவது அதில் ஒரு பகுதிதான். அதைக் கேட்ட பிறகும் ஆசை குறையவில்லை என்றால், தமிழ்ப் பாடத்தை விட்டுவிடாதீர்கள்.