இரத்த அழுத்த மருந்துகளும் தோல் கருமையும்

உயர் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்ளத் தொடங்கிய பின் முகமும் கைகளும் கருத்துவிட்டதாகச் சிலர் கூறுவதுண்டு. அது மருந்தின் விளைவாக இருக்கலாம். வேறு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும், நிறம் மாறுகிறது என்பதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பக்கவாதத்திற்கும் மாரடைப்பிற்கும் இடமளிக்கும். அட்டெனோலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது மேலும் ஆபத்தானது.

கருமை எவ்வாறு ஏற்படுகிறது?

சில மருந்துகள் வெயிலின் புற ஊதாக் கதிர்களால் தோல் எளிதில் பாதிக்கப்படுமாறு செய்கின்றன. அதனால் உண்டாகும் அழற்சி தணியும்போது மெலனின் என்னும் நிறமி தோலில் மிகுதியாகத் தங்கிவிடுகிறது. எனவே இவ்வகைக் கருமை நெற்றி, கன்னம், பிடரி, முன்கை ஆகிய வெயில் படும் இடங்களில் காணப்படும்; சட்டை அல்லது இரவிக்கை மறைக்கும் பகுதியும் மோவாயின் அடிப்பகுதியும் பழைய நிறத்திலேயே இருக்கும். இந்த வேறுபாட்டை வீட்டிலேயே கண்ணாடி முன் பார்த்து அறியலாம்.

சிறுநீர் பிரியச் செய்யும் ஹைட்ரோகுளோரோதையசைடு இத்தகைய பாதிப்பை ஏற்படுத்தக்கூடியது. இது பெரும்பாலும் கூட்டு மாத்திரைகளுக்குள் அடங்கியிருப்பதால், இதை உட்கொள்வதே பலருக்குத் தெரிவதில்லை. மாத்திரைப் பெயரின் இறுதியில் ‘எச்’ என்ற எழுத்து இருந்தால் அட்டையில் உள்ள மருந்து விவரத்தைப் படித்துப் பார்க்கவும். டில்டியாசெம் சிலருக்குச் சாம்பல் கலந்த கருமையைத் தருகிறது. கருநிறத் தோலினரிடமே இது மிகுதியாகப் பதிவாகியுள்ளது. அம்லோடிபினால் கணுக்கால் வீங்குவது அடிக்கடி காணப்படுவது. முகக் கருமை அரிது. எனாலப்ரில் போன்ற மருந்துகளும் பீட்டா தடுப்பான்களும் அரிதாக அரிப்புடன் கூடிய ஊதா நிறத் தடிப்புகளை உண்டாக்கி, அவை ஆறிய இடத்தில் கரும்புள்ளிகளை விட்டுச் செல்லும்.

மருந்து காரணமல்லாத கருமை

கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் தடித்து வெல்வெட் துணி போலக் கருத்தால், இன்சுலின் எதிர்ப்புத்தன்மையை ஐயுற வேண்டும். இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை தேவை. இரு கன்னங்களிலும் ஒரே சீராகப் படர்வது பெரும்பாலும் மங்கு. காலின் கீழ்ப்பகுதி மட்டும் பழுப்பாக மாறினால் சிரை நோய் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். உடல் முழுவதும் மங்கிக் கருத்து அரிப்பும் இருந்தால் சிறுநீரகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்நிலையில் கடைகளில் ‘சிவப்பழகு’ களிம்பு வாங்கிப் பூசுவதே பலர் முதலில் செய்வது. ஸ்டீராய்டு கலந்தவை தோலை மெலியச் செய்யும். பாதரசம் கலந்தவை சிறுநீரகத்தைப் பாதித்து, இரத்த அழுத்தத்தையே உயர்த்தக்கூடும்.

செய்ய வேண்டியவை

உட்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளையும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் செல்லுங்கள். வலி நிவாரணிகளையும் டாக்சிசைக்கிளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளையும் விட்டுவிட வேண்டாம், அவற்றாலும் இதே பாதிப்பு வரலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே மருந்து பெறுவோர் வரும் பணியாளரிடம் தெரிவிக்கலாம். ஆயினும் மாற்றத்தை மருத்துவரே முடிவு செய்வார். பெரும்பாலும் வேறு வகை மருந்து கிடைக்கும். மாற்றிய சில வாரங்களுக்குள் இரத்த அழுத்தத்தை மீண்டும் அளந்துகொள்ள வேண்டும்.

காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலைத் தவிர்ப்பது நல்லது. வயல் வேலை, கட்டட வேலை செய்வோருக்கு இது இயலாது. அவர்கள் முழுக்கைச் சட்டையும் தலையையும் பிடரியையும் மறைக்கும் துண்டும் அணியலாம். மருந்தை மாற்றிய பின்னும் கருமை மெதுவாகவே மறையும். பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

உதடு, நாக்கு அல்லது முகம் திடீரென வீங்கினாலோ, காய்ச்சலுடன் தோலில் கொப்புளங்கள் எழுந்தாலோ நிலைமை வேறு. அடுத்த வேளை மாத்திரையை உட்கொள்ளாமல் உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.