வாயைத் திறந்து நாக்கை நீட்டுங்கள்: மல்லம்பட்டி சோதனை பிறந்த கதை

கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ ஒப்பரேசனுக்கு நாள் குறித்தவர்களை முன்கூட்டியே பார்க்க மயக்க மருந்து வைத்தியர் வருவார். குடலிறக்கமோ பித்தப்பைக் கல்லோ, நோய் எதுவானாலும் அவர் மறக்காமல் சொல்வது ஒன்று உண்டு: "நிமிர்ந்து இருங்க. வாயை நல்லாத் திறந்து நாக்கை வெளியே நீட்டுங்க. சத்தம் போட வேணாம்." சில விநாடிகள் உள்ளே பார்த்துவிட்டு ஒன்றிலிருந்து நான்குக்குள் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்வார். வயிற்றில் ஒப்பரேசனுக்கு வாயை ஏன் பார்க்கிறார்கள் என்று கூட நிற்கும் உறவினர்கள் குழம்புவதுண்டு.

காரணம் மூச்சு. முழு மயக்கம் கொடுத்து, தசைகளைத் தளர்த்தும் மருந்தையும் ஏற்றியபின் நோயாளி தானாக மூச்சுவிட மாட்டார். குரல்நாண்களுக்கு நடுவே ஒரு குழாயை மூச்சுக்குழாய்க்குள் இறக்கி, அதன் வழியே இயந்திரம் மூச்சுக் கொடுக்க வேண்டும். குழாய் போகும் வழியைக் கண்ணால் காண்பதற்கு லாரிங்கோஸ்கோப் என்ற விளக்குப் பொருத்திய கருவி இருக்கிறது. ஒக்ஸ்போர்டின் ரொபர்ட் மெக்கின்டொஷ் 1943இல் அறிமுகப்படுத்திய வளைந்த அலகுதான் இன்றும் உலகெங்கும் பரவலாகப் பயன்படுகிறது. அந்த அலகால் நாக்கை ஒதுக்கித் தூக்கினால் பெரும்பாலானவர்களுக்குக் குரல்நாண்கள் தெரிந்துவிடும். சிலருக்கோ எவ்வளவு தூக்கினாலும் தெரியாது. ஒட்சிசன் போகாத மூளை சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. யாருக்குச் சிக்கல் வரும் என்பதை மயக்கம் கொடுப்பதற்கு முன்பே அறிய வேண்டும் என்ற தவிப்பு இதிலிருந்து வந்தது.

கட்டைக் கழுத்து, உள்வாங்கிய தாடை, முன்துருத்திய பற்கள் ஆகிய அடையாளங்களை வைத்தியர்கள் முன்பே கவனித்து வந்தார்கள். ஆனால் இவை எதுவும் இல்லாதவர்களிடமும் குழாய் இறங்க மறுத்தது. குண்டூர் மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மயக்க மருந்து நிபுணராகப் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி இதற்கு ஒரு விளக்கம் யோசித்தார். நாக்கின் அடிப்பகுதி வாய்க்குழிக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருந்தால், அது குரல்வளையை மறைக்கும். அப்படியானால் அதே நாக்கு, வாயைத் திறந்தவுடன் தெரிய வேண்டிய உள்நாக்கையும் அதன் இருபுறத் தூண்களையும் மறைக்கத்தானே வேண்டும்? 1983இல் கனடா நாட்டு மயக்க மருந்து இதழுக்கு எழுதிய சிறு கடிதத்தில், இது ஒரு கருதுகோள் மட்டுமே என்று தலைப்பிலேயே குறிப்பிட்டு இதை முன்வைத்தார்.

இரண்டு ஆண்டுகளில் அவரும் சக வைத்தியர்களும் 210 நோயாளிகளிடம் அதைச் சோதித்து அதே இதழில் வெளியிட்டார்கள். தூண்கள், மெல்லண்ணம், உள்நாக்கு மூன்றும் தெரிந்தால் முதல் வகுப்பு. உள்நாக்கு மறைந்தால் இரண்டு. மெல்லண்ணம் மட்டும் தெரிந்தால் மூன்று. மூன்றாம் வகுப்பில் வந்த 15 பேரில் 14 பேருக்குக் குரல்வளையைச் சரியாகக் காண முடியவில்லை. மெல்லண்ணமும் தெரியாதவர்களுக்கென நான்காம் வகுப்பை 1987இல் இங்கிலாந்தின் சாம்சூன், யங் இருவரும் சேர்த்தார்கள். கருவியோ செலவோ தேவையில்லாத இந்தச் சோதனை அப்படியே உலகம் முழுவதும் பரவியது.

ஆனால் அந்த முதல் ஆய்விலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. குரல்வளை சரியாகத் தெரியாதவர்கள் மொத்தம் 28 பேர். மற்ற 14 பேரும் இரண்டாம் வகுப்பில்தான் இருந்தார்கள். பாதிப் பேரைச் சோதனை எச்சரிக்காமல் விட்டுவிட்டது. டென்மார்க்கில் 1,88,064 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு இன்னும் கடுமையான செய்தி சொன்னது: குழாய் போடச் சிரமப்பட்டவர்களில் 93 விழுக்காட்டினருக்கு அந்தச் சிரமம் முன்கூட்டி எதிர்பார்க்கப்படவில்லை. எண் ஒன்றோ இரண்டோ என்று நிம்மதியடைய இடமில்லை.

மலைநாட்டில் இந்தச் சோதனைக்கு இன்னொரு தடையும் உண்டு. நாக்கைப் பார்ப்பதற்கு முதலில் வாய் திறக்க வேண்டும். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத் தோட்டங்களில் வெற்றிலை போடும் பழக்கம் தலைமுறைகளாகத் தொடர்ந்து வருகிறது. பாக்கிலுள்ள அரெக்கொலின் என்ற வேதிப்பொருள் வாயின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருக்குகிறது. பாக்கிலுள்ள செம்பு அந்த நார்களை இன்னும் இறுக்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கன்னம் விறைத்து வாய் ஒடுங்கிப் போகிறது. 1953இல் பம்பாயின் வைத்தியர் ஜோஷி விவரித்த இந்த நோயின் காரணங்களை ஆராய்ந்தவர்களில் பேராதனைப் பல் மருத்துவ பீடத்தில் பேராசிரியராக இருந்த திலகரத்ன முக்கியமானவர். இறுகிய வாய் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. இந்த நோய் புற்றுநோயாக மாறும் ஆபத்தும் உண்டு. பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது.

தமது மூன்று விரல்களைச் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடியாதவருக்கு வழக்கமான முறையில் குழாய் போடுவது கடினம். அதை முன்பே அறிந்தால் வழிகள் இருக்கின்றன. 1967இல் இங்கிலாந்தின் பீற்றர் மேர்ஃபி செய்து காட்டியபடி, வளையக்கூடிய ஒளியிழைக் கருவியை மூக்கு வழியாகச் செலுத்தி அதன்மேல் குழாயை இறக்கலாம். தொண்டையை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருந்து தானாகவே மூச்சுவிடும்போதே இதைச் செய்யலாம். எல்லாம் கைவிட்டால் கழுத்தின் முன்புறச் சவ்வைத் திறந்து காற்று கொடுக்கலாம். பிரித்தானியாவின் சிக்கலான சுவாசவழிச் சங்கம் 2004இல் முதல் வழிகாட்டலை வெளியிட்டது. அதன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, மயக்கம் கொடுத்தபின் எதிர்பாராமல் சிக்கல் வந்தால் எடுக்க வேண்டிய அடுத்தடுத்த வழிகளை ஏ, பி, சி, டி என்று வரிசைப்படுத்தியது. முதல் வழி தவறினால் அடுத்தது என்ன என்பதைத் தியேட்டரில் நிற்கும் எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்திருப்பதுதான் அதன் உயிர்நாடி.

எனவே மல்லம்பட்டி தந்த சோதனையை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயத்தமாகும்படி சொல்லும் முதல் எச்சரிக்கை அது. மீதியை நோயாளியும் குடும்பமும்தான் சொல்ல வேண்டும். வெற்றிலை, பாக்கு போடுவதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். காரம் பட்டால் வாய் எரிகிறதா, சோற்றுக் கவளம் முன்போல வாய்க்குள் போகிறதா, குறட்டை உண்டா, ஆடும் பல் உண்டா என்பதையும் சொல்லுங்கள். முன்பு ஒரு முறை குழாய் போடச் சிரமமாக இருந்ததாக வைத்தியர் எழுதித் தந்திருந்தால் அந்தத் துண்டைப் பத்திரப்படுத்தி ஒவ்வொரு முறையும் காட்டுங்கள். பாக்கு மெல்லும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.