தஞ்சைப் பண்டிதர் தந்த ஏடு

ஊரிலிருந்து உறவினர் வந்தால் அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம் ஆகியவற்றை நாம் தவறாமற் காட்டி வருகிறோம். கிருஷ்ணராஜ புல்வார்டு சாலையிலுள்ள ஜூபிலி கட்டடத்தைக் காட்டுவோர் மிகச் சிலரே. விக்டோரியா மகாராணியாரின் பொன்விழா நினைவாக எழுந்த அக்கட்டடத்திலேதான் மைசூர்க் கீழ்த்திசை நூல்நிலையம் இருந்து வருகிறது. இதனை 1891-ஆம் ஆண்டில் நிறுவியவர் மன்னர் சாமராஜேந்திர உடையார். வடமொழி, கன்னடச் சுவடிகளைத் திரட்டிக் காப்பதே அதன் நோக்கம்.

இந்நாட்டில் அத்தகைய முயற்சிக்குத் தேவையும் இருந்தது. 1799-இல் ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்தபின், திப்பு சுல்தானின் நூல்நிலையத்திலிருந்த ஏறத்தாழ 2,000 கையெழுத்துப் பிரதிகள் கும்பினியார் கைக்கு மாறிக் கல்கத்தாவுக்கும் சீமைக்கும் சென்றுவிட்டன.

இந்நூல்நிலையத்தில் அலுவல் பார்த்தவர் ருத்ரபட்டணம் சாமசாஸ்திரியார் (1868-1944). 1905-ஆம் ஆண்டளவில் இவர் பார்வைக்கு ஓர் ஓலைக்கட்டு வந்தது. தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் அதனை நூல்நிலையத்துக்குக் கொடுத்திருந்தார். மூலத்துடன், பட்டசுவாமி என்பார் இயற்றிய உரையின் ஒரு பகுதியும் உடனிருந்தது. எழுத்து கிரந்தம். பிரித்துப் படித்த சாஸ்திரியார், அது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் எனக் கண்டார்!

அதுவரை அந்நூல் பெயரளவில் அறியப்பட்டதேயன்றி, முழு வடிவில் ஆராய்ச்சியாளர் கைக்குக் கிட்டியதில்லை. தண்டியும் பாணரும் அதனைக் குறிப்பிட்டிருந்தனர். ஆகையால் அப்படியொரு நூல் இருந்தது என்பது தெரியும், அவ்வளவே. பண்டைய இந்தியர் வேதாந்தம் பேசத் தெரிந்தவரேயன்றி அரசாளும் கலையை நூலாக வகுத்தறியாதவர் என்று மேனாட்டார் சிலர் கருதிவந்த காலம் அது. சாஸ்திரியார் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பகுதி பகுதியாகப் பத்திரிகைகளில் வெளியிட்டார்; 1909-இல் மூலத்தை அச்சேற்றினார்; 1915-இல் மொழிபெயர்ப்பு முழு நூலாக வந்தது. 15 அதிகரணங்களும் 150 அத்தியாயங்களும் கொண்ட அந்நூலில் சுங்கம், சுரங்கம், உப்பு, நெசவு, கப்பல், யானை எல்லாவற்றிற்கும் தனித்தனி அதிகாரிகள் கூறப்பட்டுள்ளனர். அரசாங்கப் பணத்தைக் கையாடும் வழிகள் 40 என்றும் அது கணக்கிடுகிறது. குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் நமக்கு அப்பகுதியைப் படிக்கையில் சிறிது நகைப்பும், சிறிது வியப்புமே உண்டாகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்பே தணிக்கைக்காரர் எவ்வளவு விழிப்பாயிருந்திருக்கின்றனர்!

இதன்பின் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்த கணபதி சாஸ்திரியார், வேறு சுவடிகளையும் ஒப்புநோக்கித் திருவனந்தபுரத்தில் 1924-25-இல் மற்றொரு பதிப்பை வெளியிட்டார். சாமசாஸ்திரியாரின் புகழோ உலகெங்கும் பரவியது. அஃது அவருக்கு உரியதே. ஆனால் ஏட்டைக் கொடுத்த தஞ்சைப் பண்டிதரின் பெயர் சாஸ்திரியாரின் முன்னுரையில் இல்லை. ஊர்ப்பெயரும் இல்லை. அந்நாளைய தஞ்சை ஜில்லா என்றால் கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி, நாகப்பட்டினம் யாவும் அதனுள் அடங்கும். இரயில்வே பார்சல் ஆபீஸில் ஒரு வாழையிலைக் கட்டுக்குங்கூட அனுப்பியவர் பெயரும் ஊரும் எழுதாமல் நாம் ரசீது கொடுப்பதில்லை. இவ்வளவு பெரிய பொருளுக்கு அனுப்பியவர் பெயர் இல்லாமற் போயிற்றே!

அப்பண்டிதர் செய்தது சிறு செயலன்று. ஓலை தானாக நிலைப்பதில்லை. பூச்சி அரிக்கும், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், வறட்சியில் நொறுங்கும். சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை எவரேனும் அமர்ந்து புதிய ஓலையில் எழுத்தாணியால் படியெடுத்தாக வேண்டும். ஒரு தலைமுறை அயர்ந்தாலும் நூல் போயிற்று. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட குடும்பங்கள் நம் நாட்டில் எத்தனை! 1887-இல் சிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பிக்க உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து ஏடு தேடியதை நாம் அறிவோம். தஞ்சைப் பண்டிதரின் வீட்டார் ஆற்றில் விடாமல் வைத்திருந்தனர். அவர் அதனைக் காக்கவல்ல இடத்தில் சேர்த்தார்.

நூல்நிலையம் 1916-இல் மைசூர்ப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தது. இன்று கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் எனப்படுகிறது. ஏடுகளுக்கு அங்கே எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுகின்றனர். எண்ணெய் ஓலையை மென்மையாக்குவதோடு பூச்சியையும் விலக்கும். கிரந்தம் வாசிப்பவரோ அருகி வருகின்றனர். நம் பிள்ளைகள் பள்ளியிற் கன்னடமும் வீட்டில் தமிழும் பயில்கின்றனர். ஜ, ஷ, ஸ, ஹ என்னும் எழுத்துகள் தமிழுக்குக் கிரந்தத்திலிருந்து வந்தவை என்பதை அவர்களுக்குச் சொல்லலாம்.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் பரண்மேல் ஓலைக்கட்டு ஏதேனும் உண்டா என்று பார்க்கும்படி வேண்டுகிறோம். இருந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டா. கயிற்றை அறுக்காமலும், இருபுறச் சட்டங்களை நீக்காமலும் அப்படியே எடுத்து வைக்கலாம். வடமொழி ஏடாயின் மைசூர் நிலையத்திலோ, தஞ்சைச் சரசுவதி மகாலிலோ காட்டலாம். தமிழ் ஏடாயின் சென்னையிலுள்ள சாமிநாதையர் நூல்நிலையத்திற் காட்டலாம். கட்டோடு ஒரு சீட்டில் வீட்டுப் பெரியவர் பெயரையும் ஊரையும் தெளிவாக எழுதிச் சேர்த்துவிடுங்கள்.