பதின்மூன்று பெண்களும் ஒரு புதர்க்காடும்

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் வாழும் நம்மவர் பலருக்குப் பரமட்டா என்றால் ரயில் நிலையமும் கடைத்தொகுதியும்தான். அது ஓர் ஆற்றின் பெயரும் என்பது பிறகுதான் நினைவுக்கு வரும். ஆனால் நாம் செறிந்து வாழும் வென்ட்வேர்த்வில், டூங்காபிப் பகுதிகளில் பெய்யும் மழை, டூங்காபி ஓடை வழியாக அந்த ஆற்றுக்குத்தான் போகிறது. டூங்காபி ஓடையும் டார்லிங் மில்ஸ் ஓடையும் கூடுமிடத்தில் பிறக்கும் பரமட்டா ஆறு, நகரின் தடுப்பணை வரை நன்னீராக ஓடுகிறது. அணைக்குக் கீழே கடலின் ஏற்றவற்றத்துக்கு ஏற்ப உயர்ந்து தாழும் உவர்நீர். அப்படியே சிட்னித் துறைமுகத்தில் கலந்துவிடுகிறது.

பரமட்டா என்ற பெயர் இந்த மண்ணின் ஆதிக்குடிகளான புறமட்டகல் மக்களிடமிருந்து வந்தது. விலாங்குகள் கிடக்கும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். விலாங்கு வெப்பக் கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாகக் கரை சேர்ந்து, ஆற்றில் ஏறி ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஒரே ஒரு முறை கடலுக்குத் திரும்பி மடியும் உயிர். அதற்கு ஆறும் கடலும் இரண்டல்ல.

1788 நவம்பரில் ஆளுநர் ஆர்தர் பிலிப் ஆற்றின் தலைப்பகுதியில் குடியேற்றம் அமைத்தார். சிட்னிக் குடாவின் மண்ணில் பயிர் சரியாக விளையாததே காரணம். அன்று தொடங்கியது நிலம் பிரிக்கும் வேலை. கரைகள் தனியாருக்கு வழங்கப்பட்டன. பின்னர் ஆலைகள் வந்தன. சதுப்புகளும் கண்டல் காடுகளும் குப்பை கொட்டி நிரப்பப்பட்டன. ரோட்ஸ் பகுதியில் யூனியன் கார்பைட் நிறுவனத்தின் ஆலை களைக்கொல்லி தயாரித்தது. அதன் கழிவில் இருந்த டயாக்சின் ஹோம்புஷ் குடாவின் சேற்றில் படிந்தது. போபாலை அறிந்த நமக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் ஈர்ப்பது, ஆறு துறைமுகத்தைத் தொடும் இடத்தில் இருக்கும் கெல்லிஸ் புஷ் என்ற சிறு காடு. பரப்பு ஏறத்தாழ 12 ஏக்கர். 1892-இல் தாமஸ் கெல்லி என்பவர் அங்கே ஈயம் அல்ல, வெள்ளீயம் உருக்கும் ஆலை ஒன்றை நிறுவினார். ஆலைக்கும் வீடுகளுக்கும் இடையே இடைவெளியாக விடப்பட்ட நிலம் காடாகவே நின்றது. சுற்றிலும் மரங்கள் வீழ்ந்தபோது இந்தக் காடு தப்பியது, முரணாக, ஓர் ஆலையின் தயவால்.

1967-இல் ஆலை இடம்பெயர்ந்ததும் அந்தத் தயவு முடிந்தது. ஏ. வி. ஜெனிங்ஸ் என்ற வீடமைப்பு நிறுவனம் அங்கே வீடுகள் கட்ட முன்வந்தது. 1970-இல் ஹன்டர்ஸ் ஹில்லைச் சேர்ந்த 13 பெண்கள் கூடி ஒரு குழு அமைத்தார்கள். பெட்டி ஜேம்ஸ் அவர்களுள் முன்னின்றவர். நகரசபை, அமைச்சர்கள், முதல்வர் என்று ஏறாத படியில்லை. பயனில்லை. கடைசியில் அவர்கள் போன இடம்தான் வியப்பானது: கட்டடத் தொழிலாளர் சங்கம்.

ஹன்டர்ஸ் ஹில் வசதி படைத்தோர் வாழும் ஊர். சங்கத்தின் செயலாளர் ஜாக் மண்டியோ கம்யூனிஸ்ட். இரு தரப்பும் ஒரே மேசையில் அமரும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. சங்கம் ஒரு நிபந்தனை வைத்தது: ஊர் மக்கள் உண்மையில் இதை விரும்புகிறார்கள் என்று பொதுக்கூட்டம் கூட்டிக் காட்டுங்கள். சுமார் 600 பேர் திரண்டனர். 1971 ஜூனில் அந்த நிலத்தில் வேலை செய்வதில்லை என்று சங்கம் தடை விதித்தது. சங்கத்தில் இல்லாத ஆட்களைக் கொண்டு கட்டுவோம் என்று நிறுவனம் சொன்னபோது, வட சிட்னியில் அதே நிறுவனத்தின் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பதில் சொன்னார்கள்: கெல்லிஸ் புஷ்ஷில் ஒரு மரம் வீழ்ந்தாலும் இந்தக் கட்டடம் அரைகுறையாகவே நிற்கும். நிறுவனம் பின்வாங்கியது.

பச்சைத் தடை என்று பின்னர் பெயர் பெற்ற போராட்ட முறையின் முதல் நிகழ்வு இது. அடுத்த சில ஆண்டுகளில் சிட்னியின் பழைய குடியிருப்புகளும் பூங்காக்களும் இதே வழியில் காக்கப்பட்டன. 1975-இல் தேசியத் தலைமை தலையிட்டு மண்டி அணியைச் சங்கத்திலிருந்து அகற்றியது. ஆனால் காடு நின்றது. 1983-இல் முதல்வர் நெவில் ரான் அதைப் பொதுநிலமாக அறிவித்தார். தடை விதிக்கப்பட்டு 12 ஆண்டுகளுக்குப் பிறகு!

இதில் நான் கவனிப்பது ஒன்றுண்டு. வீடு கட்டினால்தான் கட்டடத் தொழிலாளிக்குக் கூலி. அந்தக் கூலியை விட்டுக்கொடுத்து, தான் வாழ வசதியில்லாத ஊரின் காட்டைக் காத்தான் அவன். கரை எல்லோருக்கும் உரியது என்ற நம்பிக்கை இல்லாமல் அது நடந்திருக்காது. இன்று யாரும் அனுமதி கேட்காமல் அங்கே நுழையலாம். பாறைகளுக்கிடையே இறங்கி நீரைத் தொடலாம். நானும் அப்படி இறங்கியிருக்கிறேன்.

ஆனால் நீரைத் தொடுவது வேறு, அதில் வாழ்வது வேறு. டயாக்சின் காரணமாக 2006-இல் துறைமுகத்தில் வணிக மீன்பிடி நிறுத்தப்பட்டது. துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் மீனையும் நண்டையும் இறாலையும் உண்ண வேண்டாம் என்பது இன்றும் அரசின் அறிவுரை. தூண்டிலோடு கரைக்குப் போகும் நம்மவர் இதை அறிந்திருப்பது நல்லது. மாசு போட்ட ஆலைகள் போய்விட்டன, சேறு மறக்கவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. உள்ளூராட்சி மன்றங்களும் அரசு அமைப்புகளும் சமூகக் குழுக்களும் சேர்ந்து, 2025-க்குள் ஆற்றை மீண்டும் நீந்தத் தக்கதாக்குவோம் என்று இலக்கு வைத்து உழைத்தன. 2015-இல் பரமட்டா ஏரி நீச்சலுக்குத் திறந்தது. 2022-இல், அரை நூற்றாண்டுக்குப் பிறகு, கன்கோர்டின் பேவியூ பூங்காக் கரையில் மக்கள் இறங்கினார்கள். ஆயினும் பெருமழை பெய்தால் நீந்தக்கூடாது. தெருக்களின் அழுக்கும் நிரம்பி வழியும் கழிவுநீரும் ஆற்றில் கலந்துவிடும்.

அந்தத் தெருக்களில் நம் தெருவும் ஒன்று. கார் கழுவிய சவர்க்கார நீரும் வடிகாலில் ஊற்றிய பொரித்த எண்ணெயும் கீழேயுள்ளவர் குளிக்கும் துறைக்குத்தான் போகின்றன. வார இறுதிகளில் ஓடைக்கரைகளில் களை பிடுங்கி நாட்டு மரம் நடும் தொண்டர் குழுக்கள் இருக்கின்றன. கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் ஒதுக்கும் நேரத்தில் மாதம் இரண்டு மணித்தியாலம் அங்கே போனால் என்ன? கரையில் உட்கார நமக்கு இருக்கும் உரிமை, முன்பு யாரோ கூலி இழந்து பெற்றுத் தந்தது. விலாங்குக் குஞ்சு இன்றும் கடலிலிருந்து நம் ஓடைகளைத் தேடித்தான் ஏறி வருகிறது.