தொலைந்த நாய்களுக்கோர் சத்திரம்

கண்ணில் புரை படர்ந்து, செவியும் மந்தப்பட்ட வயோதிக நாயொன்று, கதவு திறந்திருந்த சமயம் பார்த்து வெளியேறிவிட்டால், தானே வழியறிந்து மீள்வது அரிது. யாரேனும் கண்டெடுத்து எங்கேனும் சேர்ப்பிக்க வேண்டும். லண்டன் மாநகரில் அதற்கென்று ஒரு ஸ்தலத்தை, ஹாலோவே பகுதியில் 1860இல் உண்டாக்கியவர் மேரி டீல்பி என்னும் மாது. மனிதரே பட்டினி கிடக்கும் பட்டணத்தில் நாய்க்குச் சத்திரமா என்று பத்திரிகைகள் பரிகசித்தன. நாய்க்கு மறுத்த சோறு ஏழையின் இலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று எண்ண மட்டும் ஏதுவில்லை. 1865இல் காலமான அம்மாது, தம் ஸ்தாபனம் 1871இல் பாட்டர்ஸிக்குப் பெயர்ந்ததையோ, பின்னர் விக்டோரியா மகாராணியே அதன் போஷகரானதையோ காணக் கொடுத்துவைக்கவில்லை. வீட்டார் நம்பிக்கையிழந்து சோற்றுத்தட்டைக் கழுவிக் கவிழ்த்த பின்னரும் கிழநாய் திடீரென வீடு திரும்புவதற்கு இக்காலத்தில் பெரிதும் உதவுவது, கழுத்துத் தோலுக்கடியில் வைக்கும் அரிசிமணியளவான மின்னணு அடையாளச் சில்லு. இங்கிலாந்தில் 2016 முதல் நாய்களுக்கு அது கட்டாயம்.